செயற்கை களிமண் டென்னிஸ் கோர்ட் போடலாமா? போட்டு விளையாடுறவங்க உண்மையைச் சொல்லுங்க

பேஸ்லைன்_மேடவாக்கம்:

எல்லாருக்கும் வணக்கம். மேடவாக்கம் பக்கம் ஒரு பழைய அடுக்குமாடி குடியிருப்புல இருக்கோம், இந்த வருஷம் அசோசியேஷன்ல விளையாட்டு கமிட்டி என் பொறுப்புல வந்திருக்கு. எங்ககிட்ட இருக்கறது ஒரே ஒரு டென்னிஸ் கோர்ட், மண் கோர்ட். இருபது வருஷமா ஒரு அண்ணன் அதைப் பார்த்துக்கிட்டாரு. காலைல அஞ்சு மணிக்கு ஓஸை இழுத்துட்டு வந்து தண்ணி அடிப்பாரு, கொஞ்சம் காஞ்சதும் ரோலர், அப்புறம் ஈரச் சாக்கை ஒரு கட்டையில கட்டி இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் இழுப்பாரு, கடைசியா லைன் மட்டும் தனியா தென்னந்துடைப்பத்தால கூட்டுவாரு. ஆறரைக்கு நாங்க உள்ள இறங்கும்போது கோர்ட் புதுசா சுட்டெடுத்த அப்பம் மாதிரி இருக்கும். போன வருஷம் முட்டி வலி தாங்காம திண்டிவனம் பக்கம் அவர் ஊருக்கே போயிட்டாரு. அதுக்கப்புறம் ரெண்டு பேரை வெச்சுப் பார்த்தோம், ஒருத்தர் தண்ணியை ஒரே இடத்துல விட்டு சேறாக்கிட்டாரு, இன்னொருத்தர் ஒரு மாசத்துல நின்னுட்டாரு. இப்ப பேஸ்லைன், அதாவது கோர்ட்டோட கடைசிக் கோட்டுக்குப் பின்னாடி வெடிப்பு, ஓரமெல்லாம் அருகம்புல், கோரை. தரைத்தள வீட்டுக்காரங்க ஜன்னலைத் திறந்தா செம்மண் தூசி உள்ள வருதுன்னு கம்ப்ளெயிண்ட்.

தண்ணிதான் பெரிய கவலை. 2019 ஜூன்ல ஏரியெல்லாம் வறண்டப்போ குடிக்கவே லாரித் தண்ணிக்குக் காத்திருந்தோம், கோர்ட்டுக்கு ஒரு சொட்டு விடலை, அந்த ஒரு கோடையில மேல் மண்ணு பூரா காத்துல போயிடுச்சு. மழைக் காலத்துல அதுக்கு நேர் எதிரா அக்டோபர்லேருந்து டிசம்பர் வரைக்கும் பாதி நாள் கோர்ட்டைப் பூட்டி வெச்சிருக்கோம்.

இப்ப மூணு யோசனை ஓடுது. ஒண்ணு, சிமெண்ட் போட்டு மேல அக்ரிலிக் பெயிண்ட் அடிச்சு ஹார்ட் கோர்ட் ஆக்கிடறது. ரெண்டு, இருக்கற மண்ணையே தோண்டி ஒழுங்கா திரும்பப் போடறது. மூணாவது இந்த செயற்கை களிமண், அதாவது கார்ப்பெட் மாதிரி ஒண்ணை விரிச்சு அதுக்குள்ள சிவப்பு மணலை நிரப்பறாங்களே அது. கொட்டேஷன் கொடுக்க வந்தவர் மெயிண்டெனன்ஸே கிடையாது, மழை விட்ட பத்தாவது நிமிஷம் விளையாடலாம்னு சொல்றாரு. காலைல விளையாடறவங்க பாதிப் பேர் அறுபது தாண்டினவங்க, சாயங்காலம் குழந்தைங்க. ஹார்ட் கோர்ட்னா பெரியவங்க முட்டி என்னாகுமோன்னு நிஜமாவே பயமா இருக்கு. போட்டவங்க, விளையாடினவங்க சொல்லுங்க. மண்ணுல விளையாடற மாதிரி இருக்குமா, நம்ம வெயிலுக்குத் தாங்குமா, அடித்தளம் எப்படி இருக்கணும்? பக்கத்துலயே சும்மா கிடக்கற பழைய பாஸ்கெட்பால் கான்க்ரீட் தளம் ஒண்ணு இருக்கு, அளவு பத்தும், அது மேலயே விரிச்சுக்கலாம்னும் சொல்றாரு.

கோவை_டாப்ஸ்பின்:

வணக்கமுங்க. எங்க கிளப்ல நாலு வருஷமா அந்த கோர்ட்தானுங்க, வாரம் அஞ்சு நாள் விளையாடறேன், அதனால தைரியமா சொல்றேன். போடுங்க, ஆனா மெயிண்டெனன்ஸே கிடையாதுங்கற பேச்சை மட்டும் நம்பாதீங்க. மண் கோர்ட்டுக்கு ஒரு ஆள் முழு நேரம் வேணும்னா இதுக்கு தினம் இருபது நிமிஷம் வேணும். அந்த இருபது நிமிஷத்தை விட்டுட்டீங்கன்னா ரெண்டே வருஷத்துல காசு போச்சு.

எப்படின்னு சொல்றேன். அடியில இருக்கறது ஒரு விரல் தடிமன் கூட இல்லாத குட்டைப் புல் மாதிரி பிளாஸ்டிக் நார். அதுக்குள்ள சிவப்பு சிலிக்கா மணல் நிரம்பி, மேலாக்க ஒரு மெல்லிசான அடுக்கு கட்டு இல்லாம உதிரியா கிடக்கும். அந்த உதிரி மணலுதான் காலைச் சறுக்க விடறது, பந்தை மெதுவாக்கி மேல எழுப்பறது, கீழ இருக்கற நாரை வெயில்லேருந்து காப்பாத்தறது, மூணு வேலையும் அதுக்குத்தான். விளையாட விளையாட பேஸ்லைன் நடுவுல மணல் விலகி வேலி ஓரத்துக்குப் போயிரும். எங்க கோர்ட்ல ஒரு நாள் குனிஞ்சு பார்த்தேன், சர்வ் போட நிக்கற இடத்துல ரெண்டு உள்ளங்கை அளவுக்கு நார் பளபளன்னு வெளிய தெரியுது, வேலி ஓரத்துல பார்த்தா மணல் கணுக்கால் வரைக்கும் குவிஞ்சு கிடக்குது. அந்த வழுக்கை இடத்துல சறுக்கப் போனா கால் டக்குனு பிடிச்சுக்கும், ஒருத்தருக்கு கணுக்கால் திரும்பிடுச்சு. அதுக்கப்புறம் விளையாடி முடிச்சதும் யார் கடைசியோ அவங்க இழுவை பிரஷ் போட்டுட்டுத்தான் போகோணும்னு சட்டம் வெச்சுட்டோம், வெளியேருந்து உள்ளாக்க சுத்திச் சுத்தி இழுக்கோணும், வேலி ஓரத்து மணலை நடுவுக்குக் கொண்டு வரோணும், அவ்வளவுதான் வேலை.

இன்னொரு தப்பும் பண்ணினோம். முதல் வருஷக் கடைசியில மணல் குறைஞ்சுதுன்னு, கம்பெனி மணல் விலை ஜாஸ்தின்னு, பக்கத்து சைட்லேருந்து எம்-சாண்ட்டைச் சலிச்சுக் கொண்டாந்து தூவினாங்க. அதுல தூள் ஜாஸ்திங்க. அடுத்த மழைல அந்தத் தூளெல்லாம் நாருக்குள்ள இறங்கி இறுகிப்போயி, தண்ணி கீழ போற வழியே அடைஞ்சு, அந்தப் பக்கம் மட்டும் குட்டை மாதிரி நின்னுச்சு. கடைசியில அந்த இடத்துல மணலை மொத்தமா வெளிய எடுத்துப் புதுசா போட்டோம். அதனால கழுவின, தூளில்லாத, அதே அளவு சிலிக்கா மணலை முதல்லயே ரெண்டு மூணு மூட்டை கூட வாங்கி வெச்சுக்குங்க.

மரம் இருக்குதுங்களா? எங்களுக்கு ஒரு மூலையில புங்கமரம், அந்த நிழல் விழற இடத்துல மட்டும் பாசி பிடிக்கும், ஐப்பசி கார்த்திகையில பச்சையா தெரியும், சருகும் உள்ள சிக்கிக்கும். வெயில் படற இடத்துல ஒண்ணும் ஆகலைங்க.

ஆட்டம்? எண்பது சதம் மண்ணுதானுங்க. சறுக்கலாம், ராலி நீளமா போகும், டாப்ஸ்பின், அதாவது பந்தை முன்னாடி சுழல விட்டு அடிக்கறது, நல்லா ஏறும். பந்து விழுந்த தடம் மட்டும் மண்ணுல மாதிரி சுத்தமா தெரியாது, லைன்ல பட்டுச்சா இல்லையான்னு தகராறு வரும். பந்தோட நாரும் சீக்கிரம் தேயும்.

ஓய்வு_கோச்_திருச்சி:

தம்பி, நான் நாப்பது வருஷம் மண்ணுல சொல்லிக் கொடுத்தவன், என் மனசு எந்தப் பக்கம்னு உங்களுக்கே தெரியும். இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிடறேன்.

நாங்க பையனா இருந்தப்ப கோர்ட்டுன்னா சாணி மெழுகுன கோர்ட்டுதான். செம்மண்ணும் களிமண்ணும் கலந்து தட்டி, உருளை ஓட்டி, அது மேல பசுஞ்சாணியைத் தண்ணியில கரைச்சு தெளிச்சு, துணியால வீட்டு வாசல் மெழுகுற மாதிரி மெழுகுவாங்க. காஞ்சா பச்சையும் பழுப்புமா ஒரு தோல் கட்டும், தூசி பறக்காது, பந்து கொஞ்சம் வேகமா தாழ்வா வரும். நம்ம ஊர்ல செங்கல் பொடி கோர்ட்டை விட அதுதான் அதிகம். விஜய் அமிர்தராஜ் தலைமுறைக்கெல்லாம் அந்தத் தரை பழக்கம். அதனால நம்மாளுங்க களிமண்ணு கோர்ட்டுன்னு சொல்றதும் பாரிஸ்ல பிரெஞ்சு ஓப்பன் நடக்கற ரோலண்ட் காரோவில இருக்கறதும் ஒண்ணு இல்ல. அங்க மேல தெரியுற செங்கல் பொடி ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர்தான், அதுக்குக் கீழ நொறுக்கின சுண்ணாம்புக்கல், அதுக்கும் கீழ எரிஞ்ச நிலக்கரிக் கட்டி, ஜல்லின்னு அடுக்கடுக்கா இருக்கும். அந்த அடுக்குதான் தண்ணியைப் பிடிச்சு வெச்சு மேல ஈரம் கொடுக்குது. அமெரிக்காவுல பச்சையா ஒண்ணு இருக்கு, அது பாறையைப் பொடி பண்ணினது, 1975லேர்ந்து 77 வரைக்கும் யூஎஸ் ஓப்பனையே அதுலதான் நடத்தினாங்க. எல்லாத்துக்கும் பொது என்னன்னா ஈரம். ஈரம் இருக்கற மண்ணு பந்தைப் பிடிச்சு விடும், பந்து கனமாகும், காலு ஒரே சீரா சறுக்கி ஒரே சீரா நிக்கும். செயற்கையில அந்த ஈரம் கிடையாது, உலர்ந்த மணல் மேல சறுக்கறோம், அது வேற.

2012ல மாட்ரிட்ல நீலக் கலர்ல களிமண் கோர்ட் போட்டாங்க, ஞாபகம் இருக்கா? அதுவும் செங்கல் பொடிதான், நிறத்தை மட்டும் மாத்தினது. ஆனா கால் வழுக்குதுன்னு நடாலும் ஜோகோவிச்சும் சண்டை போட்டு அடுத்த வருஷமே சிவப்புக்குத் திரும்பினாங்க. நிஜ மண்ணுலயே அவ்வளவு வித்தியாசம் வரும்போது பிளாஸ்டிக்ல கம்பெனிக்குக் கம்பெனி எவ்வளவு மாறும்னு பாருங்க. கேட்லாக் போட்டோவைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க, அந்தக் கம்பெனி நாலஞ்சு வருஷத்துக்கு முன்னாடி போட்ட கோர்ட்டுக்குப் போய் உங்க பெரியவங்களை ஒரு மணி நேரம் விளையாட விடுங்க. சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் களிமண்ணை ஒரு வகையாவும் செயற்கை களிமண்ணை தனி வகையாவும் வெச்சிருக்கு, அது மாதிரி கோர்ட்டோட வேகத்தையும் ஸ்லோவிலேருந்து ஃபாஸ்ட் வரைக்கும் அஞ்சு வகையா பிரிக்குது, நீங்க வாங்கப் போறது அதுல எதுன்னு பேப்பர் கேளுங்க. பேப்பர் இல்லாதவன்கிட்ட வாங்காதீங்க.

ஆனா ஒண்ணு. கோர்ட் பார்த்துக்க ஆள் இல்லாத இடத்துல மண்ணு கோர்ட்டை வெச்சுக்கிட்டு அழறதை விட குழந்தைங்க தினம் விளையாடற செயற்கை கோர்ட் மேல். சிமெண்டுக்கு மட்டும் போயிடாதீங்க தம்பி, அறுபது தாண்டினவங்க ஓடி நிக்கற ஒவ்வொரு தடவையும் அந்த அடி முட்டியிலதான் இறங்கும். சறுக்கி நிக்கறப்ப அதுல கொஞ்சம் தரையிலேயே கரைஞ்சுடும்.

மெல்பேர்ன்_வாசி:

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப மெல்பேர்னில இருக்கிறன். இஞ்சத்தைக் கதையையும் சொன்னா உங்களுக்கு உதவும் எண்டு நினைக்கிறன். இந்த மாநிலத்தில பழைய ரெனிஸ் கிளப்புகள் கனக்க செங்கல் பொடிக் கோட்டுகள்தான், ஆன்-டூ-கா எண்டு சொல்லுவினம், பிரெஞ்சுச் சொல், எந்த நிலைமையிலயும் எண்ட மாதிரிக் கருத்து. பிறகு தொண்ணூறுகளின்ர கடைசியில தொடங்கி 2009 மட்டும் பெரிய வறட்சி வந்தது. தண்ணிக் கட்டுப்பாடு கடுமையாகி கோட்டுக்குத் தண்ணி அடிக்க ஏலாமல் போச்சுது. தண்ணி இல்லாட்டி அந்தப் பொடி காத்தோட போயிடும், நீங்கள் சொன்ன அதே கதைதான். அதோட கனக்க கிளப்புகள் மணல் போட்ட செயற்கைப் புல்லுக்கும் செயற்கைக் களிமண்ணுக்கும் மாறினவை. எங்கட கிளப்பிலயும் ரெண்டு கோட் அப்படி மாத்தினது, ரெண்டு கோட்டைப் பழையபடி வச்சிருக்கினம்.

ரெண்டிலயும் மாறி மாறி விளையாடுறன். மழை பெய்ஞ்ச அண்டைக்குப் பின்னேரம் எல்லாரும் செயற்கைக் கோட்டுக்குத்தான் ஓடுவினம், மண் கோட் அடுத்த நாள்தான் திறக்கும். ஆனால் வெயிலைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. இஞ்ச நாப்பது பாகை வாற நாளில ஈரமாக்கின மண் கோட்டில நிக்கலாம், செயற்கையில மத்தியானம் சப்பாத்துக்குள்ளால சூடு ஏறும். கொஞ்சத் தண்ணி தெளிச்சா குறையும், ஆனால் கொஞ்ச நேரத்தில திரும்பவும் சுடும். சென்னையில சித்திரை, வைகாசியில பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் இடையில பிள்ளையளை விடாதேங்கோ. சப்பாத்தும் முக்கியம், அடியில மீன்முள்ளு மாதிரி வரி போட்டதுதான் சரி. ஆழமான கட்டை வச்ச சப்பாத்தோட இறங்கினா நாரைக் கிழிச்சுப் போடும்.

சைட்_இன்ஜினியர்:

எல்லாரும் மேல இருக்கறதைப் பத்தியே பேசறீங்க, கீழ இருக்கறதுலதான் விஷயமே இருக்கு. நான் சிவில், விளையாட்டுத் தளங்க கொஞ்சம் போட்டிருக்கேன்.

முதல்ல கணக்கு. முழு கோர்ட் ஓடற இடத்தோட சேர்த்து 120க்கு 60 அடி, 7200 சதுர அடி, கிட்டத்தட்ட 669 சதுர மீட்டர். மண் கோர்ட்டுக்கு மேல ரெண்டு மில்லிமீட்டர் நனையற மாதிரி ஒரு தடவை தண்ணி விட்டாலே 1300 லிட்டருக்கு மேல, கோடையில ரெண்டு தடவை விடணும், உங்க தண்ணிக் கவலைக்கு அதுவே பதில். இப்ப மழைக் கணக்கைப் பாருங்க. ஒரே நாள்ல 100 மில்லிமீட்டர் பெய்யறது சென்னைக்குப் புதுசில்ல, 2015 நவம்பர் ஒரே மாசத்துல நுங்கம்பாக்கத்துல ஆயிரம் மில்லிமீட்டரைத் தாண்டுச்சு. 100 மில்லிமீட்டர்னா உங்க கோர்ட் மேல மட்டும் 67,000 லிட்டர் விழுது, அதாவது பன்னெண்டாயிரம் லிட்டர் லாரி அஞ்சரை. அது எங்க போகும்னு கொட்டேஷன்ல எழுதியிருக்கானான்னு பாருங்க. கார்ப்பெட் தண்ணியை உள்ள விடும், சரி, விட்ட தண்ணி அதுக்குக் கீழ என்ன ஆகும்?

ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, தூளில்லாத ஜல்லி மேல, ஓட்டை ஓட்டையா தண்ணி இறங்கற தார்த் தளம் போடறது. தண்ணி நேரா கீழ இறங்கி ஓர வடிகாலுக்குப் போயிடும், மழை நாட்டுக்கு அதுதான் நல்ல முறை. ஆனா ஒரே ஒரு கோர்ட்டுக்காக அந்தக் கலவையைச் சரியா போட்டுத் தர ஆள் கிடைக்கறது நம்ம பக்கம் கஷ்டம். ரெண்டாவது கான்க்ரீட், அதுல தண்ணி இறங்காது, சரிவுலதான் ஓடணும். நூத்துக்கு ஒண்ணு சரிவு, ஒரே பக்கமா, இந்த ஓரத்துலேருந்து அந்த ஓரத்துக்கு. அறுபது அடிக்கு ஏழு இன்ச் சொச்சம் இறக்கம் வரும். நெட்டுக்கு ரெண்டு பக்கமும் சரிவு விட்டா நடுவுல முதுகு மாதிரி தூக்கிடும், அதைப் பண்ண விடாதீங்க.

உங்க பழைய பாஸ்கெட்பால் தளத்துக்கு வர்றேன். அது மேலயே விரிக்கலாம்னு உடனே ஒத்துக்காதீங்க. உங்க ஏரியா களிமண் பூமி, மழைக்கு ஊதும் வெயிலுக்குச் சுருங்கும், தளம் எங்கயாவது அமுங்கியோ தூக்கியோ இருக்கும். கார்ப்பெட் எதையும் மறைக்காது, கீழ பள்ளம் இருந்தா மேலயும் பள்ளம், அங்க தண்ணி நின்னு மணல் இறுகிப் பாசி பிடிக்கும். இன்னிக்கே ஒரு சோதனை பண்ணிடலாம், செலவில்ல. தளம் பூரா ஓஸ்ல தண்ணி விட்டு நனைங்க, ஒரு மணி நேரம் விடுங்க, அப்புறம் தேங்கி நிக்கற இடத்துல எல்லாம் ஒரு ரூபாக் காசைப் போடுங்க. காசு முழுகினா அந்த இடத்தை செதுக்கி மட்டம் பண்ணணும். சாக்பீஸால சுத்தி கோடு போட்டு போட்டோ எடுத்து வெச்சுக்குங்க, கான்ட்ராக்டர்கிட்ட பேசறதுக்கு அதை விட நல்ல ஆதாரம் கிடையாது.

மணலும் கேளுங்க, சதுர மீட்டருக்கு எத்தனை கிலோன்னு. பதினஞ்சு கிலோன்னா மொத்தம் பத்து டன். வண்டி வர்றப்ப எடைச் சீட்டைப் பாருங்க. காசை மிச்சம் பிடிக்கறவங்க மொதல்ல கை வைக்கறது மணல்லதான். வெள்ளை லைனை மேல பெயிண்ட் அடிக்காம கார்ப்பெட்லயே வெள்ளை நாரா வெட்டி ஒட்டித் தரணும்னும் எழுதி வாங்குங்க, பெயிண்ட் மணல் தேய்ப்புல ஒரு வருஷம் தாங்காது.

பேஸ்லைன்_மேடவாக்கம்:

கோவை சார், ஐயா, மெல்பேர்ன் அண்ணா, இன்ஜினியர் சார், எல்லாருக்கும் மனசார நன்றி. இவ்வளவு விவரம் கிடைக்கும்னு எதிர்பார்க்கலை.

ஞாயித்துக்கிழமை காலைல காசு சோதனை பண்ணிட்டோம். குழந்தைங்கதான் ஓஸ் பிடிச்சாங்க, பெரியவங்க சேர் போட்டு உட்கார்ந்து பார்த்தாங்க. ஒரு மணி நேரம் கழிச்சுப் பார்த்தா மொத்தம் ஆறு இடம். நாலுல காசு பாதிதான் நனைஞ்சுது. பழைய பாஸ்கெட் கம்பம் நட்டிருந்த இடத்துல ஒண்ணு, மேற்கு ஓரம் சுவர்கிட்ட நீளமா ஒண்ணு, இந்த ரெண்டுலயும் காசு முழுசா முழுகிடுச்சு. மேற்கு ஓரத்துல ரசமட்டம் வெச்சுப் பார்த்தோம், சரிவு சுவரை நோக்கித்தான் போகுது, ஆனா சுவர்கிட்ட வடிகாலே இல்ல, இத்தனை வருஷமா தண்ணி அங்கயே நின்னு வத்தியிருக்கு. சாக்பீஸ் கோட்டோட போட்டோ எடுத்து அந்தக் கொட்டேஷன்காரருக்கு அனுப்பினேன், முதல்ல அதெல்லாம் கார்ப்பெட் சமாளிச்சுக்கும்னாரு, அப்புறம் சாயங்காலம் போன் பண்ணி செதுக்கறதுக்கும் வடிகாலுக்கும் தனியா ரேட் போட்டுத் தர்றேன்னாரு. வேற ரெண்டு பேர்கிட்டயும் கேட்டிருக்கோம். வேகத்துக்கான பேப்பர், சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ மணல், வெட்டி ஒட்டின லைன், நாலு வருஷம் ஆன கோர்ட் ஒண்ணைக் காட்டணும்னு எல்லாத்தையும் எழுதித்தான் அனுப்பினோம்.

ஐயா சொன்னதைப் பெரியவங்ககிட்ட படிச்சுக் காட்டினேன், ஹார்ட் கோர்ட் பேச்சு அதோட நின்னுடுச்சு. கோவை சார், உங்க ஊர்ப் பக்கம் பெரியவங்க நாலு பேரைக் கூட்டிட்டு வந்தா உங்க கிளப்ல ஒரு மணி நேரம் விளையாட அனுமதி கிடைக்குமா? ரெண்டாவது சனிக்கிழமை கிளம்பி வரலாம்னு இருக்கோம்.

கோவை_டாப்ஸ்பின்:

தாராளமா வாங்க. காலைல ஆறு மணிக்கே கோர்ட் உங்களுக்கு எடுத்து வெச்சுடறேன், வெயில் ஏறதுக்குள்ள ரெண்டு செட் போடலாம். ஹார்ட் கோர்ட் ஷூ வேண்டாமுங்க, மண்ணுல போடற பழைய ஷூவையே எடுத்துட்டு வரச் சொல்லுங்க. மொதல் பத்து நிமிஷம் சறுக்காம சும்மா நடந்து பழகட்டும். முடிஞ்சதும் பிரஷ் இழுக்கறதை உங்க கையாலயே ஒரு தடவை இழுத்துப் பாருங்க, ஊர்ல போயி யார் செய்யறதுன்னு அப்பத்தான் முடிவு பண்ண முடியும்.